கன்னியம்மாவின் மூணு டிரே

கன்னியம்மா அக்காவுக்குக் குழந்தையைக் கொஞ்சத் தெரியாது. எங்க லைன் வீட்டு வரிசையில் அஞ்சாம் நம்பர் ரூமில் ஆம்பளப் பிள்ளை பொறந்தப்போ எல்லாரும் போய் "ராசா மாதிரி இருக்கான்" என்று சொல்லிட்டு வந்தாங்க. அக்கா மட்டும் பிள்ளையை டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கி, ஒரு சுத்து திருப்பிப் பார்த்து, "எடது காது கொஞ்சம் ஏத்தமா கீது. மத்தபடி ஓகே" என்று சொல்லித் திரும்பப் படுக்க வெச்சது. பெத்தவள் மூணு மாசம் அக்காவோட பேசவில்லை. பேசவில்லை என்பதே அக்காவுக்குத் தெரியாது.

என்ன செய்யறது, பத்தொன்பது வருஷப் பழக்கம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு பாட்டில் கம்பெனியில் அக்காவுக்குச் செக்கிங் வேலை. வெள்ளை வெளிச்சத் திரைக்கு முன்னால் பெல்ட்டில் பாட்டில் வரிசையாக ஓடிக்கொண்டே இருக்கும். விரிசல், குமிழி, கழுத்துக் கோணல், எது கண்ணில் பட்டாலும் கை அதை வெளியே எடுக்கணும். எட்டு மணி நேரம் அப்படியே பார்த்துவிட்டு வெளியே வந்தா, கண்ணு மட்டும் ஷிப்ட் முடிஞ்சதை ஒத்துக்காது.

கல்யாணம் ஆனதே அப்படித்தான். ராபின் மாமா அதே கம்பெனியில் போர்க்லிப்ட் ஓட்டுகிறவர். ஒருநாள் கம்பெனி கேட்டாண்ட நின்று, தைரியத்தையெல்லாம் சேர்த்து, "உன்னியப் புடிச்சிருக்கு" என்று சொல்லியிருக்கார். அக்கா அவர் வாயையே பார்த்துதாம்.

"முன்பல்லு ஒண்ணு ஒடைஞ்சிக்கீதே?"

"சைக்கிள்லேர்ந்து வுழுந்தேன்."

"சரி. ஓடும்."

இதுதான் மொத்த காதல் கதை. அவங்க சர்ச், இவங்க அம்மன் கோயில். ரெண்டு வீட்டுக்காரங்களும் ஒரு வருஷம் எட்டிப் பார்க்கவில்லை. அப்புறம் தனித்தனியாக வந்து, தனித்தனியாக ராபின் மாமாவை ஓரமாக இட்டுக்கினு போய், "இது வாயோட எப்படிப்பா குடும்பம் நடத்தற?" என்று கேட்டுட்டுப் போனாங்க.

அக்காவுக்கு முன்னால் மூணு டிரே இருக்கும். ஒண்ணு நல்லது. ஒண்ணு கழிச்சது. மூணாவது ஹோல்டு. விரிசலா, வெறும் தூசியா என்று சந்தேகம் வந்தா அந்தப் பாட்டில் ஹோல்டில் போய் நிக்கும். யாரோ பெரிய லென்ஸ் வைத்துப் பார்க்கிற வரைக்கும் அதை நல்லது என்றும் சொல்லக் கூடாது, உடைக்கவும் கூடாது. அக்கா மனசிலும் அதே மூணு டிரேதான். பேய், செய்வினை, பூனை குறுக்கே போனது எல்லாம் கழிச்ச டிரேயில் கிடந்தது. சாமி ஹோல்டில் இருந்தது. ராபின் மாமா சர்ச்சுக்குக் கூப்பிடும்போதெல்லாம் அக்கா, "லென்ஸ் வரட்டும்" என்று சொல்லும்.

குறி சொல்றவங்க மேல் மட்டும் அதுக்குத் தனிக் கோபம். அதுக்குக் காரணம் அதோட தம்பி அன்புசெல்வன். பதினாறு வயசில் அப்பா திட்டினார் என்று வீட்டை விட்டு ஓடினவன் பதினொரு நாள் வரவில்லை. மை போட்டுப் பார்க்கிறவர் ஒருத்தர் வெத்தலையை உத்துப் பார்த்து, "தண்ணிக்குள்ள போயிட்டான், தேடாதீங்க" என்று சொல்லிவிட்டார். வீட்டில் ஒப்பாரி, போட்டோவுக்கு மாலை, விளக்கு, எல்லாம் ஆச்சு. பன்னிரண்டாம் நாள் அரக்கோணம் ரயிலிலிருந்து இறங்கி வந்த அன்பு, கையில் ஒரு பை மாம்பழத்தோட வாசலில் நின்று, "இன்னாத்துக்கு என் போட்டோக்கு மாலை?" என்று கேட்டானாம். இன்னைக்கும் அவன் பேரு ஊரில் 'மாலை அன்பு'தான். அக்கா இதைச் சொல்லும்போது எல்லாரும் சிரிப்போம். ஆனா, "எங்கம்மா அந்தப் பதினோரு நாளும் பச்சத் தண்ணி குடிக்கல" என்று கடைசியில் ஒரு வரி சொல்லும். அதுக்கு மட்டும் யாரும் சிரிக்க மாட்டோம்.

என்னைப் பத்தி ரொம்பத் தேவையில்லை. பேரு பிரின்சி. வயசு பதினேழு. பத்தாவது பாஸ். பதினொண்ணு பாதியில் நின்னுபோச்சு. டுடோரியல் போறேன் என்று அம்மா நம்பிக்கினு இருக்கு. மத்த நேரத்தில் எனக்குச் செருப்புத் தொழில்.

தொழில் என்னன்னா, ஞாயித்துக்கிழமை மத்தியானம் எல்லாரும் மீன் குழம்பு சாப்பிட்டுக் குறட்டை விடுகிற நேரத்தில், வாசல் வாசலாகப் போய் ஜோடிக்கு ஒரு செருப்பு எடுப்பேன். பின்னாடி தண்ணி டேங்க் மேல் வரிசையாக அடுக்கிட்டு, நல்ல பிள்ளையாக வந்து படுத்துக்குவேன். சாயங்காலம் லைனே ஒத்தைக் காலில் நொண்டும். அதைப் பார்க்கிற சந்தோஷத்துக்கு ஈடு கிடையாது.

இந்த நேரத்தில்தான் மாடி ரூமுக்குச் சடையப்பன் குடி வந்தார். ஆரம்பாக்கத்துக்காரர், அறுபது வயசு, யாரைப் பார்த்தாலும் "நைனா" என்பார். அதனால் அவருக்கே அந்தப் பேரு ஒட்டிக்கிச்சு. முன்னே ஒரு மில்லில் வேலை செய்தப்போ கரண்ட் அடிச்சதாம். அன்னையிலேர்ந்து எவர்சில்வர் டம்ளரில் தண்ணி ஊத்தி உத்துப் பார்த்தா, அதில் படம் ஓடுமாம். சாமி பேரே எடுக்க மாட்டார். "இது கரண்ட்டு சமாச்சாரம்" என்பார். அதனால் சர்ச்சுக்குப் போறவங்களும் போனாங்க, கோயிலுக்குப் போறவங்களும் போனாங்க. காணிக்கையெல்லாம் கிடையாது, டீயும் ரெண்டு பஜ்ஜியும் போதும். மொதல் வாரமே தண்ணியைப் பார்த்து, "செருப்புங்க உயரத்துல கீது, பக்கத்துல தண்ணி கீது" என்றார். ஓடிப்போய்ப் பார்த்தா டேங்க் மேல் அத்தனையும் இருந்தது. அடுத்த வாரமும் அப்படியே. எட்டு ஞாயிறு, எட்டும் சரி.

எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. அவர் ரூம் ஜன்னலைத் திறந்தா எதிரே டேங்குதான். நான் ஏறி இறங்குறதை அந்தாளு மாடியிலிருந்து பார்த்துக்கினு பஜ்ஜி தின்னுகினு இருந்தார். அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, நானும் அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை. நாங்க பேசி வைக்கவே இல்லை, ஆனா கூட்டுத் தொழில் மாதிரி நல்லாவே ஓடிச்சு.

அது ரோசம்மாள் அக்காவின் கம்மலில் வந்து இடிச்சது.

ரோசம்மாளும் எங்க லைன்தான், அதே பாட்டில் கம்பெனியில் பேக்கிங். கம்பெனி கேட்டில் நகையெல்லாம் கழட்டிட்டுத்தான் உள்ளே போகணும். ஒரு வியாழக்கிழமை வீட்டுக்கு வந்து பார்த்தா, ஒத்தைக் கம்மல் இல்லை. கல்யாணத்துக்கு அவங்கம்மா போட்ட கம்மல். பை, டப்பா, மெத்தை எல்லாம் கொட்டித் தேடியாச்சு. நேராக மாடிக்குப் போச்சு. நைனா டம்ளரை உத்துப் பார்த்து, "வெளியூர்ப் பொண்ணு. வயசு சின்னது. ரூமுல நாலு பேரோட படுக்குறா" என்றார்.

எங்க லைனில் நாலு பேரோட ஒரே ரூமில் இருக்கிற வெளியூர்ச் சின்னப் பொண்ணு மோனிகா ஒருத்திதான். அவ ரூமில் மத்தவங்க எல்லாம் அவளுக்கு அஞ்சாறு வயசு பெரியவங்க. பள்ளிப்பட்டுப் பக்கத்திலிருந்து வந்து, அக்கா நிக்கிற பெல்ட்டிலேயே கான்ட்ராக்ட் வேலை செய்கிறவள். சத்தமே இல்லாத பொண்ணு. தும்மினாகூட ஸாரி சொல்லும்.

"நெனச்சேன்!" என்றது ரோசம்மாள். "எல்லார் செருப்பும் போச்சு, இவளுது மட்டும் ஒருவாட்டிகூடப் போவல. அப்பவே எனுக்கு டவுட்டு. செருப்புத் திருடியும் இவதான்!"

எனக்குக் காதுக்குள்ளே பெல்ட் ஓடுகிற மாதிரி ஆச்சு. மோனிகா செருப்பை நான் எடுக்காதது நிஜம்தான். அதுக்குக் காரணம் வேற.

லைன் ஓனர் முத்தம்மாள். அவங்க நெல்லு போட்ட நிலத்தில்தான் எங்க இருபது ரூமும் நிக்குது. ஓனரம்மா கெட்டவங்க இல்லை, ஆனா வம்பு ஆகாது. "ஞாயித்துக்கிழம வெளக்கு வெக்கறதுக்குள்ள காலி பண்ணிடும்மா" என்று சொல்லிடுச்சு. ரூம் போனா மோனிகாவுக்குக் கம்பெனி பஸ்ஸும் கிடையாது, வேலையும் கிடையாது. வேற எந்த லேடீஸ் ரூமுக்குப் போனாலும் திருடி என்ற பேரு இவளுக்கு முன்னாடியே போய் உட்கார்ந்திருக்கும். அவள் அழுதுகினே துணியை மடிச்சு ஒரு துணிக்கடைப் பையில் வெச்சா. அவ்வளவுதான் சாமானே.

சனிக்கிழமை சாயங்காலம் கன்னியம்மா அக்கா என்னைக் கூப்பிட்டது.

"ஏ பிரின்சி, ஊரக் கூட்டறது உனுக்கு வருமில்ல?"

"இன்னாத்துக்குக்கா?"

"கம்பெனில அப்பப்ப ஒரு லாட் பாட்டிலு அனுப்புவாங்க. 'இது கம்ப்ளைன்ட் வந்த லாட், விரிசல் இருக்கு, கண்டுபுடி'ம்பாங்க. ஆனா அத்தினியும் நல்ல பாட்டிலு. பயந்தவங்க அதுலயும் பத்து விரிசல் கண்டுபுடிச்சி எடுத்து வெப்பாங்க. யாரு நெஜமா பாக்கறாங்க, யாரு சும்மா கைய ஆட்டறாங்கன்னு அதுல தெரிஞ்சிடும். நைனாவுக்கும் ஒரு நல்ல லாட் அனுப்பலாம்."

ஞாயித்துக்கிழமை காலை ஏழு மணிக்கு அக்கா ஒரு பிஸ்கட் டின்னை, கம்பெனியில் கழிச்சுப் போட்ட மஞ்ச டேப்பால் சுத்தி சுத்தி ஒட்டி, ஓனரம்மாவிடம் கொடுத்தது. டேப் சேர்ற இடத்தில் ஓனரம்மாவையே கையெழுத்துப் போட வெச்சு, மணியும் எழுத வெச்சது. "சாயங்காலம் எல்லார் முன்னாடியும் கேப்பேன். அதுவரைக்கும் யாரும் தொடக் கூடாது." உள்ளே என்ன என்று சொல்லவில்லை. ஓனரம்மாவுக்கு அது போதும். டின்னை ஸ்டூல் மாதிரி போட்டு, அது மேலேயே உட்கார்ந்துகிச்சு. நாஷ்டா அதிலேயே, கீரை ஆய்ஞ்சது அதிலேயே.

பத்து மணிக்கு அக்கா குளிச்சிட்டு வந்து கத்தின கத்தல் ரயில்வே கேட் வரைக்கும் கேட்டிருக்கும். "ஐயோ, என் கொலுசக் காணோம்! குளிக்கச்சொல்ல கழட்டி ஜன்னல்ல வெச்சேனே!" ராபின் மாமா பாவம், நிஜம் என்று நம்பிக் கட்டில் கீழே படுத்துத் தேடிக்கினு இருந்தார். நான் ரூம் ரூமாகப் போய்ச் செய்தி வாசிச்சேன். அஞ்சரை மணிக்கு மாடி வராந்தாவில் நிக்க இடமில்லை. மோனிகா பையோட படிக்கட்டில் உட்கார்ந்திருந்தா. ஓனரம்மா டின்னையும் தூக்கிக்கினு வந்து, போட்டு உட்கார்ந்தது.

"நைனா, நீதான் பாத்துச் சொல்லணும்" என்று அக்கா டம்ளரைத் தானே நிரப்பி வெச்சது. முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. இவ்வளவு நல்லா நடிக்கும் என்று எனக்குத் தெரியாமப் போச்சே என்று பொறாமையாக இருந்தது.

நைனா உத்துப் பார்த்தார். டம்ளரை ஒரு தட்டு தட்டினார். அப்புறம் மெதுவாக நிமிர்ந்து, கூட்டத்தை ஒரு நோட்டம் விட்டார்.

"பொண்ணு கைதான். வெளியூர் இல்ல, இங்கயே கீறவ. எல்லார் ஊட்டு வாசல்லயும் பூனை மாதிரி பூந்து வர்றவ. படிப்பு பாதியில நின்னுபோன பொண்ணு நைனா."

இருபது ரூமும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பிச்சு.

நான்தான் இந்த நாடகத்தில் பாதி ஆளு. கொலுசு எங்கே இருக்கு என்று எனக்கே தெரியும். ஆனாலும் அத்தினி கண்ணும் சேர்ந்து பார்த்தப்போ நான் ரெண்டு அடி பின்னாடி போனேன். எங்கம்மா முகத்தைப் பார்த்தேன். அதிலும் 'இல்லை' என்பது இல்லை. 'ஐயோ, எடுத்துட்டியா' என்பதுதான் இருந்தது. மோனிகா மூணு நாளாக இதுக்குள்ளேயா இருந்தா?

"நைனா, நல்லாப் பாரு. இவளேவா?" என்றது அக்கா.

"இவளே. தண்ணி பொய் சொல்லாது."

"ஓனரம்மா, கொஞ்சம் எழுந்திரு."

ஓனரம்மா எழுந்தது. அக்கா டேப்பில் இருந்த கையெழுத்தையும் மணியையும் எல்லாருக்கும் காட்டிச்சு. அப்புறம் கிழிச்சுத் திறந்தது. உள்ளே கொலுசு ரெண்டும் ஜோடியாக இருந்தது.

நைனாதான் முதல்ல சுதாரிச்சார். "பாத்தியா! நான் பாக்கறேன்னு தெரிஞ்ச ஒடனே பயந்து திருப்பி வெச்சிட்டா! அதான் சக்தி!"

நம்ப மாட்டீங்க, நாலைஞ்சு பேர் தலையாட்டினாங்க.

"எங்க திருப்பி வெச்சா?" என்று ஓனரம்மா இடுப்பில் கை வெச்சது. "காலைல ஏழு மணிலேர்ந்து இந்த டின்னு மேல நான் உக்காந்துக்கினு கீறேன். எனுக்கு இடுப்பே புடிச்சிக்கிச்சு. என்னியத் தாண்டி அவ கைய வுட்டாளா? இன்னா பேசற நீ?"

அப்புறம் வந்த சிரிப்பில் வராந்தா ஆடிச்சு. ஆனா ரோசம்மாள் சிரிக்கவில்லை. "கொலுசு தப்பாப் போச்சு, சரி. செருப்பு? எட்டு வாட்டி சரியா சொன்னாரே. அதும் சக்தி இல்லியா? அப்ப என் கம்மல் விசயத்துல சொன்னது மட்டும் எப்புடிப் பொய்யாவும்?"

நாலைஞ்சு பேர் மறுபடியும் தலையாட்டினாங்க. இதை நாங்க யோசிக்கவே இல்லை. விளக்கு வெக்கற நேரம் வந்து, வெளியே டியூப்லைட் ஒண்ணு எரிய ஆரம்பிச்சது. மோனிகா பையைக் கையில் எடுத்தா.

அந்த நேரத்தில் வாயை மூடிக்கினு இருந்திருந்தா எனக்கு ஒண்ணும் ஆகியிருக்காது.

"செருப்பு நான்தான் எடுத்தேன்" என்றேன். "எட்டு வாரமும். நைனா ஜன்னலத் தொறந்து பாருங்க, டேங்க் நேரா தெரியும். தண்ணியில படமும் ஓடல, ஒண்ணும் ஓடல. நான் ஓடுறதப் பாத்துட்டு சொன்னாரு."

நாலு பேர் உள்ளே போய் ஜன்னலைப் பார்த்துட்டு வந்தாங்க. எங்கம்மா துடைப்பம் எங்கே என்று கண்ணாலேயே தேட ஆரம்பிச்சது.

ரோசம்மாள் விடவில்லை. "எல்லாருதும் எடுத்தவ மோனிகாது மட்டும் ஏன்டி எடுக்கல? ரெண்டு பேரும் கூட்டா?"

இந்தக் கேள்விக்குத்தான் நான் பயந்தேன்.

"அவகிட்ட ஒரே ஜோடிதான் கீது. வார் அறுந்து ஊக்கு குத்திப் போட்டுக்கினு போறா. நாளெல்லாம் பெல்ட்டாண்ட நின்னுட்டு வந்து, வெறுங்கால்ல தேடணுமேன்னு..." இது சரிப்படாது என்று உடனே, "அதும் இல்லாம நாத்தம் வேற" என்றேன்.

மோனிகா அழுதுகினே சிரிச்சா. அப்படி ஒருத்தர் சிரிச்சு நான் பார்த்ததில்லை, மூக்கிலிருந்து முட்டை விட்டுச்சு.

"அப்ப என் கம்மலு எங்க?" என்றது ரோசம்மாள். இந்த முறை சண்டைக் குரல் இல்லை, அழுற குரல்.

"தெரியாது" என்றது அக்கா.

"இவ எடுக்கலன்னு சொல்றியா?"

"அதும் எனுக்குத் தெரியாது. நான் பாக்கல, நீ பாக்கல, நைனாவும் பாக்கல. ஹோல்டுல வெய்."

"ஹோல்டுன்னா ரூமுல இருக்கலாமா, கூடாதா?" என்று ஓனரம்மா கேட்டது. அதுக்குக் கணக்கு நேராக வரணும்.

"ஹோல்டுல கீற பாட்டில யாரும் ஒடைக்கக் கூடாது, ஓனரம்மா."

ஓனரம்மா மோனிகா கையிலிருந்த பையை வாங்கி, அவ ரூம் வாசலில் தானே கொண்டுபோய் வெச்சது. அன்னைக்கு எங்கம்மாவிடம் நான் வாங்கினதைப் பத்தி இங்கே எழுத வேண்டாம். அடுத்த ரெண்டு ஞாயிறு இருபது ரூம் செருப்பையும் கழுவிப் போட்டேன். அக்கா பக்கத்தில் நின்று, ஒவ்வொரு செருப்பாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, பாதியைத் திருப்பி அனுப்பிச்சு.

நைனா ஒரு வாரம் கதவு திறக்கவில்லை. அப்புறம் அக்காவே டீயும் பஜ்ஜியும் கொண்டுபோச்சு. கரண்ட் அடிச்சது நிஜம்தானாம். வேலையும் போய், பேசவும் ஆளில்லாம ஜன்னலாண்டயே உட்கார்ந்திருந்தாராம். செருப்பைச் சொன்ன அன்னைக்குத்தான் பத்து பேர் அவரைத் தேடிப் படியேறி வந்தாங்களாம். இப்பவும் ஏதாவது காணாமப் போனா ஜனங்க மாடிக்குத்தான் போறாங்க. அவர் டம்ளரைத் தொடறதில்லை. "நைனா, காலைல பச்ச சட்டைக்காரன் உன் பக்கெட்ட எடுத்துக்கினு போனான்" என்று சொல்றார். பாக்காததைக் கேட்டா, "அது ஹோல்டு" என்கிறார். முன்னைவிட நிறைய சரியாகச் சொல்றார்.

மூணு வாரம் கழிச்சு ஒரு சாயங்காலம் கம்பெனி பஸ் வந்து நின்னுச்சு. அன்னைக்குக் காதில் அடைக்கிற பிளக்கைப் புதுசாகக் கொடுத்திருந்தாங்க. பழசைத் திருப்பிக் கொடுக்கணும் என்று ரோசம்மாள் தன் லாக்கர் மூலையில் தொடாம கிடந்த பழைய பிளக் டப்பாவைத் திறந்திருக்கு, உள்ளே கம்மல். கேட்டில் கழட்டின கம்மலில் ஒண்ணை அந்த வியாழக்கிழமை அவசரத்தில் அதில் போட்டுட்டு, இன்னொண்ணு இருந்த டப்பாவை மட்டும் எடுத்துக்கினு வந்திருக்கு.

பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக மோனிகா ரூம் வாசலுக்குப் போச்சு. மோனிகாவுக்கு அன்னைக்கு லீவு, தலை வாரிக்கினு இருந்தா. ரோசம்மாள் அவ முன்னாடி திரும்பி உட்கார்ந்து, முந்தானையை ஒதுக்கிக் காதைக் காட்டி, கம்மலைப் பின்னாடி நீட்டிச்சு.

"திருகாணி எனுக்கு எட்ட மாட்டேங்குது. நீ கொஞ்சம் மாட்டி வுடு."

மோனிகா சீப்பைக் கீழே வெச்சிட்டு மாட்டி விட்டா. கைய எடுக்காம ரொம்ப நேரம் திருகிக்கினு இருந்தா, ஒரு சின்ன திருகாணிக்கு அவ்வளவு நேரம் ஆகாது. ரோசம்மாள் முதுகு குலுங்கிச்சு. நான் ஆகாசத்தில் ரொம்ப முக்கியமான எதையோ பார்க்கிற மாதிரி நின்னேன்.

கன்னியம்மா அக்கா அப்போதான் பஸ்ஸிலிருந்து இறங்கி அந்தப் பக்கம் வந்தது. நின்று, ரோசம்மாளின் ரெண்டு காதையும் மாறி மாறிப் பார்த்தது.

"எடது கம்மலு கொஞ்சம் சாஞ்சிக்கீது" என்றது.

"மூடிக்கினு போ" என்று ரெண்டு பேரும் ஒரே குரலில் சொன்னாங்க.